இலக்கியாவின் பாதம்

அன்புள்ள கனகாவுக்கு,

நீயும் நம் மகள் இலக்கியாவும் சுகந்தானே? இங்கே அபுதாபி முசஃபாவில் நான் நலமாகவே இருக்கிறேன்.

லீவில் வந்தபோது என் உள்ளங்காலில் இருந்ததைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவினேன் அல்லவா? நடக்கவே முடியாமல் போகவும் போன வாரம் டாக்டரிடம் காட்டினேன். அதிலிருந்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "இது ஆணி இல்லப்பா, மரு. வைரஸால வர்றது. வெட்டினா பரவும்," என்றார். மருந்து போடுகிறேன், வலி குறைந்துவிட்டது.

இலக்கியா என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாளே! இதைப் போனில் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் ஊருக்கு வரும் மீராசா பாயிடம் எழுதிக் கொடுக்கிறேன். அவள் பாதத்தை வெளிச்சத்தில் நன்றாகப் பார். மரு இருந்தால் நீயாக வெட்டாதே, தோல் டாக்டரிடம் கூட்டிப் போ.

பார்த்ததும் பாதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒன்றும் இல்லாவிட்டாலும் அனுப்பு.

டூட்டி வண்டி வந்துவிட்டது.

உன்
வீரபாண்டி