ஓரத்தில் ஒரு விரல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்காலும் எனக்குக் கையும் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே லைன் சரியில்லை என்று சொல்லி நழுவிவிடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் முகம் சுளிக்காதே, அதற்கான காரணமும் கீழே வருகிறது.

குட்டியின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சாயங்காலம் இருபது பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாயாம், போன வருஷம் எடுத்த படமெல்லாம் இருட்டாகவும் இழுத்துக்கொண்டும் வந்ததாம், எப்படி எடுப்பது என்று கேட்டு நீ அனுப்பிய செய்தியை அம்மாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். அப்போது என் கண்ணாடியைக் கழுவிக் காயவைத்திருந்தாள். கடைசி வரியில் நீ, "இந்தத் தடவை சுவிட்ச் பக்கம் யாரையும் போக விடமாட்டேன்பா" என்று எழுதியிருந்தாய். அதையும் குரலைத் தாழ்த்தாமல் அப்படியே படித்தாள். படித்துவிட்டு லேசாகச் சிரித்து, கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். ஒரே துண்டை நாலு தரம் பிரித்துப் பிரித்து மடித்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், போட்டோத் தொழில் விஷயம் என்றால் எனக்கு வாய் தாராளம். சாயங்காலப் படம் கெடுவது இரண்டு காரணத்தால், ஒன்று வெளிச்சம் போதாது, இன்னொன்று கை ஆடும், இரண்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேக் வெட்டும்போது எல்லா விளக்கையும் அணைத்தால் அழகாக இருக்கும் என்று யாராவது ஒருவர் கிளம்புவார், கேட்காதே, குட்டியின் முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு விளக்காவது எரியட்டும். தூர நின்று ஜூம் பண்ணாதே, லென்ஸ் வெளிச்சத்தைக் குறைத்து வாங்கும், கிட்டே போ. மங்கல் வெளிச்சத்தையும் இழுத்துக்கொள்கிற ஐ.எஸ்.ஓவைத் தைரியமாக மூவாயிரம் வரைக்கும் ஏற்று, மணல் தூவின மாதிரி புள்ளி வரும், வரட்டும், புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் தெரியும், ஆடிப்போன முகம் யாருடையது என்று பெற்றவளுக்கே தெரியாது. ஷட்டர் வேகத்தை நூற்றிருபத்தைந்துக்குக் கீழே இறக்காதே, ஐந்து வயசுப் பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், சுவர் கிடைத்தால் சாய்ந்துகொள். அப்படியும் போதவில்லை என்றால் பிளாஷைப் போடு, முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைச் சீலிங்கைப் பார்த்துத் திருப்பி அடி. பிளாஷைப் போடச் சொல்வது நம் அப்பாவா என்று சிரிப்பாய், நான்தான் சொல்கிறேன். கடைசியாக ஒன்று, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் திரையை நம்பாதே. இருட்டில் அது எல்லாப் படத்தையும் பளிச்சென்று நல்ல படமாகவே காட்டும், பெரிதாக்கிக் கண் தெளிவாக இருக்கிறதா என்று பார். இதை நான் கற்றுக்கொண்டது நீ வெளிநாடு கிளம்பியபோது வைத்த வழியனுப்பு விருந்தில்தான்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் அனுமதி வாங்கி, சக்கர நாற்காலியோடு அத்தையை மாடி ஹாலுக்குத் தூக்கி வந்து நடு மேஜையில் உட்கார வைத்தோமே. உனக்குச் சைக்கிள் பழக்கியவள், நீ பரீட்சையில் கோட்டை விட்டபோதெல்லாம் என்னிடம் துணிந்து பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றியவள், அவள் சிரித்தால் மூன்றாவது தெருவுக்குக் கேட்கும் என்பதால் நீ சத்தக்கார அத்தை என்று பேர் வைத்த என் அக்கா. அன்றைக்கு எதிர்க்கடை ஸ்டுடியோக்காரரும் வந்திருந்தார். அவர் பிளாஷ் அடித்தே பேர் வாங்கியவர், நான் பிளாஷே இல்லாமல் எடுப்பேன் என்று பேர் வாங்கியவன், என் கையில் புது லென்ஸ் வேறு. அவர் முன்னால் ஜம்பம் காட்ட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. உன் அம்மாவைக் கூப்பிட்டு, "பெரிய லைட்டெல்லாம் அணைச்சிடு, மேஜை விளக்கு மட்டும் போதும்" என்றேன். அவள் தயங்கி, "இருட்டாயிடுமேங்க, உங்க கை வேற" என்று இழுத்தாள். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு போய் அணைத்தாள். சுவிட்சில் அவள் கை இருந்ததை நீ கண்ணால் பார்த்தாய் பாப்பா. அணைக்கச் சொன்னவன் நான், அது உனக்குத் தெரியாது.

கை வேற என்று அவள் இழுத்தது என்ன என்றால், அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அம்மா எனக்கு டீயைப் பாதிக் கிளாஸ்தான் ஊற்றுவாள், நாலு பேர் முன்னால் என்றால் தரவே மாட்டாள், எனக்கு டீ பிடிக்காமல் போய்விட்டது என்று நீகூடக் கேலி செய்தாய். வெளி ஆர்டருக்கெல்லாம் கேமரா ஸ்டாண்டைக் கொண்டுபோய் ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். அன்று எதிர்க்கடைக்காரர் முன்னால் ஸ்டாண்டை விரிக்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவ்வளவு மங்கலான வெளிச்சத்துக்கு ஷட்டர் எட்டில் ஒரு பங்கு நொடி திறந்திருக்க வேண்டும், அதற்குள் என் கை ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிடும். திரையில் எல்லாம் அற்புதமாகத் தெரிந்தது, அவரிடமும் காட்டி, தோளில் தட்டும் வாங்கினேன். மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் இருநூற்றுப் பதினாலு படம், ஒன்றில்கூட முகம் என்று சொல்ல முகம் இல்லை.

நாலாவது மாசம் அத்தை போய்விட்டாள். உன்னால் வர முடியவில்லை. போனில் அழுதுகொண்டு, "அத்தையும் நானும் இருக்கிற ஒரே ஒரு போட்டோ போதும், அனுப்புங்கப்பா" என்றாய். எனக்கு நாக்கு எப்படிப் புரண்டதோ, "உங்க அம்மா லைட்டை அணைச்சுட்டாம்மா, நான் என்ன பண்றது" என்று சொல்லிவிட்டேன். அவள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நீ போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கத்தியது எனக்கே கேட்டது, அவள் "தெரியாம பண்ணிட்டேன் பாப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். போனை வைத்ததும் அவளிடம், நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன், சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். "வேணாங்க, கை நடுங்குதுன்னு தெரிஞ்சா அவ அங்க தூக்கமில்லாம கிடப்பா, இங்க உங்க ஆர்டரும் போயிடும். எங்கிட்ட இருக்கிற கோவம் ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள். அந்த இரண்டு நாள் ஆறு வருஷமாகிவிட்டது. இடையில் இரண்டு தரம் வந்தாய், அவள் போட்டதைச் சாப்பிட்டாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய், மடியில் தலை வைத்துப் படுக்கவில்லை. போனில் "அப்பாகிட்ட குடு" என்பாய், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து போனை நீட்டுவாள். நான் வாங்கிப் பேசினேன். ஒவ்வொரு தரமும் கூசாமல் வாங்கிப் பேசினேன்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. விருந்து முடிகிற நேரத்தில் நான் எதிர்க்கடைக்காரரைப் படிவரைக்கும் வழியனுப்பப் போனபோது, அம்மா என் பையிலிருந்து பழைய சின்னக் கேமராவை எடுத்துப் பிளாஷைப் போட்டு ஒரு படம் அமுக்கியிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து அந்தக் கேமராவின் மெமரி கார்டைப் பார்த்தேன். பிளாஷ் நேரே அடித்து, சுவரில் கரிய நிழல் விழுந்து, உன் கண்ணும் அத்தை கண்ணும் சிவந்து, என் கடையில் வேலை பார்க்கிறவர் எடுத்திருந்தால் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன், அப்படி ஒரு படம். ஆனால் அத்தை வாயைத் திறந்து சிரிக்கிறாள், நீயும் சிரித்துக்கொண்டே அவள் வாயைப் பொத்தப் போகிறாய், அவள் முன்பல் இடைவெளிகூட அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. "நான் ஒண்ணு அமுக்கினேனே, வந்துச்சா" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். வரவில்லை என்று சொன்னேன். நானும் பிளாஷ் பொத்தானை அமுக்கியிருந்தால் எல்லாமே வந்திருக்கும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பாப்பா, வேறு எந்தக் காரணமும் இல்லை. நீ போனில் கெஞ்சி அழுத அன்றும் அந்தப் படம் இருந்த கார்டு என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மா முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அடடா, ஓரத்துல என் விரல் விழுந்துடுச்சே, அதை வெட்டிட்டு அனுப்புங்க, குழந்தைக்குப் படம் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

வெட்டவில்லை. கடிதத்தோடு வைத்திருக்கிறேன், வலது ஓரத்தில் சிவப்பாக மங்கலாகத் தெரிவதுதான் அது. குட்டி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். கைக்கு மருந்து சாப்பிடுகிறேன், அதற்காக நீ கவலைப்படாதே. பிறந்தநாளன்று மறக்காமல் போன் பண்ணு, அம்மாதான் எடுப்பாள். அப்பாகிட்ட குடு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
விளக்கை அணைக்கச் சொன்ன
உன் அப்பா