கொலுப்படியில் இருந்த ஒயின் பெட்டி

பிரிட்ஜ்வாட்டர்
அக்டோபர் 26, 1986

சிரஞ்சீவி சுந்தரராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே இருவரும் சௌக்கியம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு உடம்பு சௌக்கியம், மனசு இல்லை. அப்பாவைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ முதலில் கேட்பது பேஸ்மென்ட்டில் எத்தனை டிகிரி என்றுதான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது.

கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பும்போது அந்த மரப்பெட்டியை நீ கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ட்டில் இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இத்தாலியில் ஒரே ஒரு மலைச்சரிவில் விளைந்த திராட்சை, பக்கத்துத் தோட்டத்துப் பழம் ஒன்றுகூடக் கலக்காத ஒயின், உன் அபார்ட்மென்ட் வெயிலுக்குத் தாங்காது, இங்கேதான் பத்து வருஷம் இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டும், ஆட்டக்கூடாது, நிமிர்த்தக்கூடாது என்றெல்லாம் சொன்னாய். நம் வீட்டில் இந்த வஸ்துவா என்று நான் கேட்டேன். அப்பாதான், குழந்தை நம்மை நம்பிக் கொடுக்கிறான் என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஏப்ரலில் அவருக்கு பைபாஸ் ஆனபோது, ப்ராஜெக்டை விட்டு வர முடியவில்லை என்றாய். அவரோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, பெட்டி மேல் கம்பளி சரியாக இருக்கிறதா பார் என்று என்னைத்தான் கீழே அனுப்பினார்.

நவராத்திரிக்குப் பேஸ்மென்ட்டிலேயே கொலுப்படி கட்ட அட்டைப்பெட்டிகளும் பழைய சூட்கேஸும் போதவில்லை. கீழ்ப்படி ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா யோசித்து யோசித்து, உன் பெட்டியைத் தூக்காமல் மெதுவாக நகர்த்தி அடியில் வைத்தார். படுத்த பாட்டில் படுத்தபடியேதான் இருக்கும், மேலே கனமில்லாத பொம்மையாக வை, லைட் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார். மேலே வேஷ்டியை விரித்ததும் எந்தப் படி எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரியவில்லை. மரப்பாச்சியும் செட்டியாரும் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வர்ணா மாமி அதன் முன்னால் விழுந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பாடினாள். நீ சிரிப்பாய் என்று நினைத்துத்தான் நான் போனில் சொன்னேன்.

நீ அப்பாவைக் கூப்பிடச் சொன்னாய். பக்கத்தில்தான் நின்றேன், ரிசீவர் வழியாகவே கேட்டது. அத்தனை பேர் நடமாடி அத்தனை விளக்குப் போட்டால் ஒயின் வெந்தே போயிருக்கும், உங்களுக்கு எதோட அருமையும் தெரியாதுப்பா, உங்களை நம்பி ஒண்ணையும் விட முடியாது என்றாய். அவர் சரிப்பா, சரிப்பா என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அன்றிலிருந்து ஹீட்டரைக் குறைத்துவிட்டு வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு இருக்கிறார். டாக்டர் படி ஏறாதே என்று சொல்லியிருக்கிறார். இவரோ பொழுது விடிந்தால் தெர்மாமீட்டரைப் பார்க்கக் கீழே இறங்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை, கெட்டுப்போயிற்றா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒரு பாட்டிலைத் திறக்க எதிர்வீட்டு கார்லாவைக் கூப்பிட்டார். அவள் பிறந்தது இத்தாலியில் அந்த ஒயின் வரும் ஊர்ப் பக்கம்தான். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, ரொம்ப நேரம் மோந்து பார்த்தாள். ரோஜாவும் தாரும் சேர்ந்த வாசனை என்றாள். அப்பாவும் மோந்து பார்த்துவிட்டு, ஆமாம், மவுண்ட் ரோட்டில் புதிதாகத் தார் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். வாழ்நாளில் சொட்டு தொடாத மனுஷர் உனக்காக ஒரு வாய் குடித்தார். நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நறுக்கிய வாழைப்பூவை அப்படியே கடித்தது போல ஒரே துவர்ப்பு. எனக்கு ஆத்திரமாக வந்தது, இதற்காகவா என் வீட்டுக்காரரை அந்தப் பேச்சுப் பேசினாய் என்று. கார்லாவோ, ஒன்றும் கெடவில்லை, நன்றாகவே பாதுகாத்திருக்கிறீர்கள், இளசாக இருப்பதால்தான் இந்தத் துவர்ப்பு, இப்போது திறந்ததுதான் பாவம் என்றாள். எப்போது சரியாக இருக்கும் என்று அப்பா கேட்டார். இரண்டாயிரமாவது வருஷத்தில் குடித்தால் அமிர்தமாக இருக்கும் என்றாள். அவர் விரல் விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்திவிட்டுக் கார்க்கை அழுத்தி மூடினார்.

திறந்த பாட்டில் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மறுநாள் அப்பா ஒரு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டு, துவர்ப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அவனிடம் சொல்லு என்றார். எனக்கு அடங்கவில்லை. கிறிஸ்மஸுக்கு நியூயார்க்கில் சிநேகிதர்களோடு இருப்பேன், ஒரு மத்தியானம் வந்து பெட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆன்சரிங் மெஷினில் பேசி வைத்திருக்கிறாய். வா. மீதி பாட்டில்கள் பத்திரமாக இருக்கின்றன. கம்பளியைப் போர்த்தியது நான்தான்.

வேளா வேளைக்குச் சாப்பிடு. ஃப்ரீவேயில் நிதானமாக டிரைவ் பண்ணு. பகவான் உன்னை நூறு வயசு நன்றாக வைக்கட்டும். மறந்துவிடப் போகிறேன், பேஸ்மென்ட்டில் இன்று ஐம்பத்தெட்டு டிகிரி, நல்ல குளிர்தான். அப்பாதான் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொன்னார். ஏறி வந்து இவ்வளவு நேரமாகியும் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா ருக்மிணி