தடியனின் விரதம்

பிப்ரவரி 3

அக்கா அசைவத்தை விட்டுவிட்டாள். கூடவே அவள் பூனை தடியனும். அவனை யாரும் கேட்கவில்லை. இன்று முதல் பருப்பு, பூசணி, சோறு.

"டாரின்னு ஒரு சத்து. பூனை உடம்பு அதைப் போதுமான அளவு தயாரிக்காது. கறியில, மீன்ல இருந்துதான் வரணும். இல்லேன்னா கண்ணும் இதயமும் போயிடும்" என்றேன்.

"நீ லேப்ல பூனைய ஆராயிறவ. நான் வளக்கிறவ. போடி."

பிப்ரவரி 4

தடியன் கிண்ணத்தை முகர்ந்தான். மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பறண்டினான். சுருக்கமான விமர்சனம்.

மே 18

தடியனின் ரத்தத்தை என் லேபிலேயே பார்த்துவிடலாம் என்று அக்காவே சவால் விட்டாள். டாரின் கச்சிதம். எடை வேறு கூடியிருக்கிறது. அவள் கால் தரையில் பாவவில்லை. நான் இத்தனை வருடம் படித்தது — என்ன?

மே 19

ஒன்று இடிக்கிறது. வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்லி எடுத்த ரத்தம் அது. சாப்பிட்டால்தான் குடல் விடும் ஹார்மோன் அதில் பந்தி முடிந்து எழுந்தவன் அளவுக்கு இருக்கிறது. தடியனைக் கூடையில் வைத்து லேபுக்குத் தூக்கி வந்தவர் அத்தான்.

மே 20

மொட்டைமாடியில் அத்தானை மடக்கினேன். அவர் கையில் மத்தி மீன் டப்பா.

"ஊசி குத்தப்போற பிள்ளைய வெறும் வயித்தோட எப்படிம்மா அனுப்புறது?"

"தினமும் குடுக்கிறீங்களா?"

"தினமும்னு சொல்ல முடியாது. சில நாள் ரெண்டு தடவை." பிறகு, "அக்காகிட்ட சொல்லிடாதே."

சொல்லவில்லை. பூனைக்கு டாரின், அக்காவுக்குக் கொள்கை, அத்தானுக்கு மீதி மத்தி. நன்றாக ஓடும் குடும்பத்தில் உண்மையைக் கொண்டுபோய் வைப்பானேன்?

டிசம்பர் 2

கீழ்வீட்டு டீச்சர், தன் பூனை பொடிசை அக்காவின் முறைக்கு மாற்றி மாதக்கணக்காகிறதாம். இன்றுதான் தெரியும். அக்கா அவரிடம் காட்டிய ஆதாரம்: என் லேபில் பார்த்த தடியனின் ரத்தம்.

டீச்சர், யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிறவர். தனியாக இருப்பவர்.

அந்த வீட்டில் ஓர் அத்தான் இல்லை.

டிசம்பர் 3

பொடிசு நாற்காலிக்குத் தாவியது. விளிம்பு தவறி விழுந்தது. ஜன்னல் வெயிலிலும் கண்மணி விரிந்தே கிடக்கிறது. டீச்சர் சிரித்தார்: "இப்பல்லாம் சரியான சோம்பேறி."

நான் சிரிக்கவில்லை. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். ஏழு மாதமாகக் கண்ணை மூடியிருந்தது எந்தப் பூனை?

டிசம்பர் 6

பொடிசின் ரத்தத்தில் டாரின் அநேகமாக இல்லை. இதயம் வீங்கியிருக்கிறது, தேறிவிடும் என்கிறார் மருத்துவர். கண்ணில் போனது போனதுதான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தோம். கத்தவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மே மாசம்."

"என்னை முட்டாளாவே இருக்கட்டும்னு விட்டுட்டியா?"



பிப்ரவரி 11

அக்கா இன்னும் அசைவம் தொடுவதில்லை — வாயால். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கோழிக்கறி வேகவைக்கிறாள். இரண்டு கிண்ணம். ஒன்று தடியனுக்கு. மற்றதில் மருத்துவர் தந்த டாரின் பொடியைக் கலந்து கீழே எடுத்துப்போகிறாள்.

இன்று நானும் கூடப் போனேன். வராதே என்று சொல்லவில்லை.

கிண்ணத்தைத் தரையில் வைத்து, விளிம்பில் விரலால் தட்டினாள். பொடிசு காதைத் திருப்பி, சத்தம் வந்த பக்கமாக நடந்து வந்தது.