நாற்காலிக்குப் பின்னால் லெங்லெங்

சான் விசென்டே, சமார் தீவு
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

என் செல்ல மகள் ஜோவலினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் இங்கே எல்லாரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், புயல் போன பிறகும் கூரை நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அந்தக் கனடாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, ஒரு வேளையாவது சோறு சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியையே மென்றுகொண்டு கிடக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ தொண்டையைச் செருமினால் போதும், நான் பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிடுவேன், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். ரொசாலி லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறாள். கருவாடும் உலர்ந்த மாம்பழமும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், அதற்கு நடுவில் இதையும் வைக்கிறேன். கருவாட்டு வாசனை அடித்தால் மூக்கைப் பிடிக்காதே, அதைத் தின்றுதான் இவ்வளவு உயரம் வளர்ந்தாய்.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மருந்து தடவு என்றால், தடவினால் மருந்துதான் தீரும் வலி தீராது என்கிறார். நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் உன் அப்பாவைப் படகு முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாமே, ரொசாலி சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, முதலாளிதான். ஓட்டைப் படகுக்கு முதலாளி. மீன் பிடிச்ச நேரத்தவிட தண்ணிய எறைச்ச நேரந்தான் அதிகம்னு அதையும் சேத்து சொல்லச் சொல்லு" என்றார். சிரித்து முடித்ததும் வலையை இழுத்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தைத்த இடத்தையே மறுபடி தைத்தார். அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் படங்களின் விஷயத்துக்கு வருகிறேன். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம் நாட்டைப் பற்றி, நம் பண்டிகை, சாப்பாடு, ஏழைப் பிள்ளைகள் படும் பாடு எல்லாம் ஒரு வாரம் சொல்லித்தரப் போகிறேன், நம்ம ஊர் ஏழைப் பிள்ளைகளின் படம் நாலைந்து எடுத்து அனுப்பு என்றாய். நானும் சரி என்று பக்கத்து வீட்டு எஸ்தெலாவிடம் போய், உன் பெண்கள் மிட்சியையும் லெங்லெங்கையும் படம் எடுக்க வேண்டும், கனடாவுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டேன். கனடா என்று காதில் விழுந்ததும் நம் ஊரில் ஒருத்தி என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியாதா? பன்றியை அவிழ்த்துக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் கட்டினாள். பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டி, முகம் கழுத்து முதுகு எல்லாம் வெள்ளை வெளேர் என்று பவுடர் அப்பி, கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய நாளில் போட்ட கவுனை மாட்டினாள். அப்புறம் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு பெபாங் கடைக்குப் போய் ஐஸ் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினாள். பெபாங்கும் லேசுப்பட்டவளா, ஐஸ் பெட்டியைத் துடைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்செண்டு வைத்து, தானும் ஓரமாக நின்றுகொண்டாள். நான் எடுத்து அனுப்பினேன்.

நீ உடனே கூப்பிட்டாய். "என்னம்மா இது, கல்யாண போட்டோவா? இத வச்சு ஏழ்மையப் பத்தி என்ன பாடம் நடத்துறது? சாதாரணமா வீட்டுல எப்படி இருப்பாங்களோ அப்படி எடும்மா, பழைய டிரஸ்ல" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. மிட்சி என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் நேரே வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தோள் கிழிந்த சட்டையோடு வந்து, கலைந்த தலையை இன்னும் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். "இப்ப எடுங்க அத்தை. நான் சிரிக்க மாட்டேன்" என்றாள். மகளே, நான் எடுக்கவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பேட்டரி தீர்ந்துபோச்சுடி என்று சொன்னேன். சாப்பிட வா என்றேன். "வயிறு நெறைஞ்சிருக்கு அத்தை" என்றாள். மறுபடி கூப்பிட்டேன், "இப்பதான் சாப்பிட்டேன் அத்தை" என்றாள். மூன்றாவது தடவை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டாள். நாம் எல்லாருமே அப்படித்தான், கூப்பிட்டவுடன் உட்கார்ந்தால் வீட்டில் சோறில்லை என்று தெரிந்துவிடுமே.

உன் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். கிழிந்த சட்டை கேட்டதற்காக மட்டும் இல்லை. அந்தப் படத்தை நீ சரியாகப் பார்க்கவே இல்லை. மறுபடி எடுத்துப் பார். மிட்சி முன்னால் நிற்கிறாள், காலில் கறுப்பு ஷூ, பளபள என்று. லெங்லெங் எங்கே நிற்கிறாள்? பெபாங்கின் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு தெரிகிறது, பவுடர் தெரிகிறது, கால் தெரிகிறதா? அந்த வீட்டில் இருப்பது ஒரு ஜோடி ஷூ. மிட்சிக்குக் காலை வகுப்பு, லெங்லெங்குக்கு மதியம். மணி அடித்ததும் மிட்சி கடற்கரைச் சுவர் மேலேயே ஓடிவருவாள், தங்கச்சி வாசலில் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். படம் எடுக்கும்போது யாரும் அவளை அங்கே போய் நில் என்று சொல்லவில்லை. அவளாகவே போய் நின்றாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் தெரிந்திருக்கிறது.

வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா ஜோவி? அதே சுவர் மேல் நீ ஓடிவரவில்லையா? உன் கால் சூடு ஆறாத ஷூவுக்குள்தானே உன் தம்பி டோட்டோய் காலை நுழைத்துக்கொண்டு ஓடினான். இன்றைக்கு அவன் கப்பலில் வேலை பார்க்கிறான், கட்டிலுக்கடியில் ஷூவாக அடுக்கி வைத்திருக்கிறான், ஒன்றையும் தூக்கிப்போட மாட்டேன் என்கிறான். நீ நாலாம் வகுப்பில் ரிப்பன் வாங்கிய அன்று எடுத்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ நெஞ்சில் ரிப்பனோடு நிற்கிறாய், காலில் ஷூ. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டுகிறான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் காட்டு. இந்தப் பிள்ளைகள் ஏன் ஒளிந்துகொண்டு நிற்கிறார்கள் என்று அவர்களையே கேள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். கிழிந்த சட்டையைக் காட்டினால் ஐயோ பாவம் என்பார்கள், மதியம் மறந்துவிடுவார்கள். இதை அவர்களே கண்டுபிடித்தால் மறக்க மாட்டார்கள்.

அழுகையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதே, நாம் என்ன அழுதுகொண்டேவா வளர்ந்தோம்? பெரியவர்கள் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக்கொடு, அங்கே டீச்சர்களுக்கு அது பிடிக்கும். தகர டப்பாவை நிறுத்தி வைத்துச் செருப்பால் அடிக்கும் விளையாட்டைச் சொல்லிக்கொடு. பனியில் செருப்பு கிடையாதே என்று மிட்சியிடம் சொன்னேன், "அப்ப பூட்ஸால அடிக்கட்டும், டப்பா பக்கத்து ஊருக்கே போயிடும்" என்கிறாள். செப்டம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிடுகிற ஒரே ஜனம் நாம்தான் என்று பெருமையாகச் சொல். வாழையிலை கிடைத்தால் தேங்காய்ப்பால் சோற்றைப் பொதிந்து சுமான் கட்டிக் கொண்டுபோ, கிடைக்காவிட்டால் வேறு எதிலும் கட்டிக் கெடுத்துவிடாதே.

இங்கே ஒரு நல்ல சேதி. எஸ்தெலா புருஷன் படகைப் பலகை மாற்றி மறுபடி கடலில் இறக்கிவிட்டான், முதல் நாளே கூடை நிறைய வந்தது, நமக்கும் ஒரு பிடி கொடுத்தாள். மிட்சியை வாசிப்புப் போட்டிக்குக் கட்பலோகன் டவுனுக்கு அனுப்புகிறார்கள். போட்டி மதியத்தில். அப்படியானால் ஷூ யாருக்கு என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் லெங்லெங்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அக்கா போட்டுட்டுப் போகட்டும். நான் செருப்புலயே போறேன், டீச்சர் திட்டினா அக்கா ஜெயிக்கப் போயிருக்கான்னு சொல்லிடுவேன்" என்றாளாம். இதையும் உன் பிள்ளைகளுக்குச் சொல். ஜெயித்தாளா என்று அவர்கள் கேட்பார்கள், போட்டி முடிந்ததும் நான் போனில் சொல்கிறேன்.

இன்னொன்று. உன் வகுப்பில் நம் பக்கத்துத் தீவு லெய்ட்டேயிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று போன மாதம் சொன்னாயே, அவளை நினைத்துக்கொண்டேதான் இவ்வளவும் எழுதினேன். மற்றப் பிள்ளைகள் நீ காட்டும் படத்தைப் பார்ப்பார்கள். அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன், ஆண்டவர் உன்னைக் குளிரிலும் வழுக்கலிலும் காப்பாற்றட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், படகின் ஓட்டையை மறந்துவிடாதே என்றும் சொல்லச் சொன்னார். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள். பெபாங் வீட்டுப் பிறந்தநாளில் மூன்று தடவை கூப்பிட்டும் நூடுல்ஸைத் தொடாமல் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பில்லாமல் காப்பி ஊற்றிய சோற்றை நீ தின்றாய், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளில் யாராவது எழுந்து, டீச்சர், சின்ன வயசில் உங்களுக்குப் பசித்திருக்கிறதா என்று கேட்டால், அந்தப் பெண்ணின் முன்னால் வயிறு நிறைந்திருந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா
லியோனிலா