திருப்பத்தில் விழுந்த கதை

என் பேத்தியின் தாத்தாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? நான் சுகம். முட்டியில் மட்டும் சின்னச் சிராய்ப்பு, பதற வேண்டாம்.

நான் துணி தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலையாட்களுக்குச் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து நானும் பெயர் கொடுத்தேன். "விழுந்து வெச்சா யாரு பாட்டி பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர். "என் முட்டி சொல்லும், நீங்க விசிலை ஊதுங்க" என்றேன்.

நம் கல்யாணத்துக்கு முந்தின மாசம் நடந்த பந்தயம் உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. நான்தான் முன்னால் போனேன். கடைசித் திருப்பத்தில் நின்றுகொண்டு, "ஏய், பாத்துப் போ" என்று கத்தினீர்கள். உங்களைத் திரும்பிப் பார்த்து வாய்க்காலில் விழுந்தேன். கோப்பை உங்கள் தங்கச்சிக்குப் போனது. இன்றைக்கும் அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாள்.

இங்கே மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் அதே மாதிரி ஒரு திருப்பம். கூப்பிட ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்துவிட்டேன். விழுந்தாலும் எழுந்து ஓட்டி முடித்தேன், கடைசி ஆளாக. இதை உங்கள் தங்கச்சியிடம் சொல்லக்கூடாது.

முட்டிக்குத் தைலம் அனுப்புங்கள். அடுத்த மாசமும் பந்தயம் உண்டு. சைக்கிள் துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைத்து அனுப்ப வேண்டாம், இங்கே சலவைக்கூடமே இருக்கிறது.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி