ஐந்தாம் எண் குதிரைக்கு ஒரு திருத்தம்

6 ஜூலை 1943, செவ்வாய்

சனிக்கிழமைப் பந்தயப் புத்தகத்தின் அச்சுப்படி வந்தது. தாள் படுமட்டம், பென்சில் பட்டாலே கிழிகிறது. மூன்றாம் பந்தயத்தில் மட்டும் ஒன்பது குதிரைகளில் ஆறுக்கு வயது பிழை. அச்சுக்கூடக்காரன் எல்லாவற்றையும் செம்பழுப்பு நிறம் என்று போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டான் போலிருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பதினான்கு வருஷம் இந்த மேசையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருக்கிறேன். வயது, நிறம், நெற்றிப் பொட்டு, உடம்பில் உள்ள சுழி எல்லாம் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் திருத்தம் எழுதிப் பலகையில் ஒட்டவேண்டும். துரைமார் மலாய் நாட்டை விட்டு ஓடிப்போனார்கள், விதி ஓடவில்லை. ஜப்பான்கார மேலாளர் மொரிதாவும் அதையே கேட்கிறார்.

புதிதாக ஒன்று. ஒவ்வொரு குதிரைக்கும் கீழே அதைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரரின் பெயரும் அச்சாகவேண்டும். அதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு மாதாமாதம் வேலைச்சீட்டு. சீட்டில்லாதவனைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிவிடுகிறார்கள். போனவர் யாரும் கடிதம் போட்டதாகக் கேள்விப்படவில்லை.

அடியில் என் கையெழுத்து: சரிபார்க்கப்பட்டது, அம்பிகைபாகன்.

9 ஜூலை, வெள்ளி

லாயத்துக்குப் போனேன். ஐந்தாம் எண் 'ராணி', பதினொரு வயது. குதிரைக்காரன் நல்லமுத்துவின் பொறுப்பு. கழுத்தின் இடப்பக்கம் சுழி இருக்கவேண்டும். வலப்பக்கம் இருந்தது. நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் சுண்ணாம்பு.

நல்லமுத்து ஒளிக்கவில்லை. "செத்துப்போச்சு கிராணி ஐயா, திங்கக்கெழம. வயித்து நோவு. கொள்ளு இல்ல, தவிடு இல்ல, கெழங்குத் தோலத் தின்னுட்டு எத்தன நாளைக்கி இருக்கும்? இது ஆயர் ஈத்தாம்ல வண்டி இழுத்த குதிர."

"இதைப் பந்தயத்திலை ஓட விடப் போறியோ?"

"ஓடுறது கெடக்குதுலா. புத்தகத்துல பேரு இருந்தாப் போதும். ராணி போனா எஞ் சீட்டும் போயிரும். தனலெட்சுமிக்கு எட்டாம் மாசம். ஒங்க கையிலதான் ஐயா இருக்கு."

"யோசிப்பம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். காலைத் தொட வந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் எரிச்சல்?

10 ஜூலை, சனி

ஒட்டிவிட்டேன்.

"மூன்றாம் பந்தயம், எண் 5. ராணி இறந்துவிட்டது. லாயத்தில் நிற்பது வேறு குதிரை." கோடு போட்டு, அழகான கையெழுத்தில். மொரிதா படித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் என் கையெழுத்துக்கு என் தலையே போயிருக்கும். பயம்தான். ஆனால் அது மட்டும்தானா? தாளை ஒட்டும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆம், பெருமையாகத்தான் இருந்தது. நல்லமுத்துவுக்கு வேறு லாயத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் பந்தயம் முடிவதற்குள் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

11 ஜூலை, ஞாயிறு

மொரிதா ஒரு பை அரிசி கொடுத்தனுப்பினார். "எங்காலையப்பா இது வந்தது?" என்று மனைவி கமலாம்பிகை கேட்டாள். சொன்னேன். உலை வைத்தாள். மூன்று மாதமாக மரவள்ளிக் கிழங்கு. சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

13 ஜூலை, செவ்வாய்

மொரிதாவிடம் போய், நான்தான் பிழை விட்டேன், சுழியை மாற்றிப் பார்த்துவிட்டேன், அது ராணிதான் என்றேன். இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய். அவர் சிரித்தார். "நீ தப்புச் செய்கிறவன் இல்லை. அதற்காகத்தான் உன்னை வைத்திருக்கிறேன்" என்று மலாயில் சொன்னார்.

வெளியே வந்தேன்.

14 ஜூலை, புதன்

இன்றுதான் விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பந்தய நாள் காலையில் எந்தக் குதிரையையும் 'விலக்கப்பட்டது' என்று அறிவிக்கலாம். காரணம் எழுதத் தேவையில்லை. புத்தகத்தில் பெயர் அப்படியே இருக்கும். வண்டிக் குதிரை ஓடியிருக்காது, பந்தயம் கட்டினவன் ஏமாந்திருக்க மாட்டான், நல்லமுத்துவுக்கு இந்த மாதச் சீட்டும் கிடைத்திருக்கும். எல்லாம் விதிக்குள்ளேயே இருந்தது — ஒரே ஒரு சொல், வருஷத்துக்கு நாற்பது தடவை நான் எழுதுகிற சொல். ஐயோ, ஏன் எனக்கு அது தோன்றவில்லை? பதினான்கு வருஷம் படிச்சுப் படிச்சு என்னத்தைக் கண்டாய், அம்பிகைபாகா? நீயும் ஒரு மனுசனோ?

22 ஜூலை

நல்லமுத்துவைக் கொண்டுபோனது சயாமுக்குத்தான். பிறை ரயில் ஸ்டேஷனில் ஏற்றியதை லாயத்துக் குதிரைக்காரர் ராமசாமி பார்த்திருக்கிறார்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

நல்லமுத்துவின் மனைவி தனலெட்சுமி வீட்டுக்கு வந்தாள், கைக்குழந்தையோடு. பெண் குழந்தை. பிறந்து ஒன்பதே நாள்.

"ஐயா, அவருக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. புள்ள பொறந்தது தெரியணும்ல. கிராணி ஐயா ஒருத்தர்தான் நேர்மையான மனுசன்னு எப்பவும் சொல்லுவாரு."

எழுதினேன். அவள் சொன்னதை எல்லாம் எழுதினேன். முகவரி எழுதும் இடத்தில் 'சயாம்' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"நீங்கள்தான் எண்டு அவவுக்குச் சொல்லேல்லையோ?" என்று கமலாம்பிகை கேட்டாள்.

சொல்ல ஏலவில்லை.

30 செப்டம்பர்

ஒன்றுமில்லை. மழை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

9 அக்டோபர், சனி

சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் ராமசாமியிடம் சொல்லியிருக்கிறார். நல்லமுத்து ஆகஸ்ட் மாதமே வாந்திபேதியில் போய்விட்டார்.

தனலெட்சுமியிடம் நானே போய்ச் சொன்னேன். பலகையில் ஒட்டியதையும் சொன்னேன். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். குழந்தையை மடி மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கடுதாசிய எதுக்கு எழுதுனீங்க?"



15 அக்டோபர், வெள்ளி

நாளைய புத்தகத்தில் பதினொரு குதிரைகள். லாயத்தில் நிற்பவை ஏழு.

மற்ற நாலும் பசியிலும் காய்ச்சலிலும் போய்விட்டன. அவற்றின் வயது, நிறம், சுழி எல்லாம் பதிவேட்டில் உள்ளபடி, ஓர் எழுத்துப் பிசகாமல் போட்டிருக்கிறேன். கீழே நாலு குதிரைக்காரர்களின் பெயர்கள்; கடைசிப் பெயர் ராமசாமி. காலையில் நாலையும் விலக்கிப் பலகையில் எழுதவேண்டும்.

மொரிதா புத்தகத்தைப் புரட்டினார். லாயத்துக்குப் போய் எண்ணிப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டால் அவர் பார்ப்பதில்லை.

சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.