தெருவை மறிக்கக் கூடாதென்று எழுதியவருக்கு

நம் பிரிட்டோவின் நைனாவுக்கு,

சோறு குண்டானில் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடுங்கள்.

மாதா திருநாளுக்கு நம் தெருவை மறித்துப் பந்தல் போட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அனுமதி கேட்டு, காலையில் உங்கள் தம்பி லூர்துநாதனோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் ஜெராக்ஸ் எடுக்க வெளியே போன நேரம், ஏட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, தெருவுல யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னியே?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப இது இன்னாம்மா?"

பார்த்தால் ஒரு ஆட்சேபணை மனு, உங்கள் கையெழுத்தில். வண்டி போக வர இடைஞ்சலாம். நம்மிடம் இருப்பது காற்று இறங்கிய சைக்கிள் ஒன்று.

தம்பி முன்னால் நின்று நடத்துகிறார் என்பதுதானே உங்களுக்குக் குடைச்சல்? பாகம் பிரித்த நாளிலிருந்து அவரோடு பேசாமல் இருப்பது போதவில்லையா?

நம் தெருவுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். பின்தெருவுக்குக் கொடுத்தார்கள். நான் அங்கே காய் நறுக்கப் போகிறேன். நீங்கள் கேட்டபடி நம் தெரு திறந்தே கிடக்கிறது. ஒரு ஜனம் இருக்காது, தாராளமாக நடந்து பாருங்கள். மனசு வந்தால் பந்திக்கு வாங்க. இலையிலிருந்து உங்களை எழுப்பிவிட உங்கள் தம்பிக்கு மனசு வராது.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். திரும்பி வரும்போது லூர்து கேட்டார், "யாரு அண்ணி எழுதிக் குடுத்தது?"

"பேரு போடாத மனு, தம்பி" என்றேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்தப் பொய்யை நான் சொல்லிக்கொள்கிறேன். மனுவை நீங்கள் சொல்லுங்கள்.